ஜீப்பின் முன் அச்சு: வீட்டு வாசலில் கழற்றலாமா?

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று சொல்வார்கள். படி ஏற முடியாதவர்களுக்கு மோட்டார் ஏறும் பாதையும் இருக்கிறது.

அந்தப் பாதையில் ஒரு பழைய ஜீப் இறங்கி வருகிறது என்று வைத்துக் கொள்வோம்.

மலை இறங்கியாயிற்று. நேர் ரோடு வந்து விட்டது. வண்டி வேகம் பிடிக்கிறது. ரோட்டில் ஒரு சின்னப் பள்ளம். சக்கரம் அதில் விழுந்து எழுந்திருக்கிறது.

அவ்வளவுதான்!

ஓட்டுகிறவர் கையில் இருக்கும் ஸ்டியரிங் வெடவெடவென்று உதறுகிறது. முன் சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாகத் தலையாட்டுகின்றன. பின்னால் இருக்கும் பெண்கள் "முருகா!" என்கிறார்கள். வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டிய பிறகுதான் ஆட்டம் நிற்கிறது.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். "பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது" என்பார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கோளாறு முன் அச்சில் இருக்கிறது.

அந்த அச்சைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பட்டறைக்குப் போனால் செலவு. "நாமே வீட்டில் கழற்றினால் என்ன?" என்று அப்பா கேட்கிறார். மகனுக்கு ஒரே சந்தோஷம். அம்மாவுக்கு மட்டும் முகம் சரியில்லை.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

மாட்டு வண்டியும் ஜீப்பும்

மாட்டு வண்டி அச்சைப் பார்த்திருப்பீர்கள். குறுக்கே ஓர் இரும்புத் தண்டு. இரண்டு முனையிலும் சக்கரம். சக்கரம் கழன்று விடாமல் இருக்கக் கடையாணி. வண்டி மை தடவினால் வேலை முடிந்தது. வண்டியை இழுப்பது மாடு. அச்சு சும்மா தாங்கிக் கொண்டிருக்கும்.

சாதாரணக் காரில் எஞ்சின் இரண்டு சக்கரங்களைத்தான் சுழற்றும். ஜீப்பில் நான்கு சக்கரங்களையும் சுழற்றலாம். ஆற்று மணலில் பின் சக்கரம் புதைந்தால் முன் சக்கரம் இழுத்துக் கொண்டு போகும். நந்தியாற்று மணலிலும், கரும்புக் கொல்லைச் சேற்றிலும், கரட்டுப் பாதையிலும் ஜீப்புக்கு மதிப்பு வந்தது இதனால்தான்.

ஆனால் முன் சக்கரத்துக்கு இரண்டு வேலை. அது சுழன்று இழுக்கவும் வேண்டும். இடம் வலமாகத் திரும்பவும் வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய வேண்டும்!

இன்னொரு சிக்கலும் உண்டு.

கோவில் வீதியில் சாமி புறப்பாடு வருகிறது. தெருமுனையில் திரும்பும்போது கவனியுங்கள். உள்பக்கம் தோள் கொடுப்பவர்கள் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்பார்கள். வெளிப்பக்கம் இருப்பவர்கள் எட்டி நடப்பார்கள். இரு பக்கமும் ஒரே வேகத்தில் நடந்தால் பல்லக்கு கோணிவிடும்.

சக்கரமும் அப்படித்தான். வளைவில் வெளிச் சக்கரத்துக்குத் தூரம் அதிகம், உள் சக்கரத்துக்குக் குறைவு. இரண்டுக்கும் வேண்டிய வேகத்தைப் பிரித்துக் கொடுக்க அச்சின் நடுவே ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே பல் சக்கரங்கள். அதற்கு 'டிபரன்ஷியல்' என்று பெயர். ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தால் பூசணிக்காய் மாதிரி உருண்டு தெரியும். முன் அச்சில் அது நட்டநடுவில் இராது. ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கும்.

வளையும் தண்டு

பூசணிக்காயிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு முழங்கை போல வளைய வேண்டும். வளைந்தபடியே சுழலவும் வேண்டும். இதற்காகத் தண்டில் ஒரு மூட்டு வைத்திருக்கிறார்கள்.

சாதாரண மூட்டு, சிலுவை வடிவத்தில் இருக்கும். பட்டறைகளில் 'கிராஸ்' என்பார்கள். அதில் ஒரு குறை. வளைந்த நிலையில் சுழலும்போது, ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் வேகம் கூடும், இரண்டு தரம் குறையும். சக்கரம் விட்டு விட்டு இழுக்கும்.

இதைத் தீர்க்க 1926-ம் ஆண்டு ஆல்பிரட் செப்பா என்ற எஞ்சினீயர் ஒரு வழி கண்டார். ஒரு கிண்ணம். அதற்குள் ஒரு குமிழ். இரண்டுக்கும் நடுவே பள்ளங்களில் ஆறு எஃகுக் குண்டுகள். எப்படி வளைத்தாலும் வேகம் மாறாது! இன்று ரோட்டில் ஓடும் சின்னக் கார்களின் முன் சக்கரத்திலும் இந்த வகை மூட்டுதான் இருக்கிறது.

பழைய ஜீப்களில் எல்லாம் ஒரே வகை மூட்டு என்று சொல்ல முடியாது. செப்பா மூட்டும் உண்டு, வேறு வகைக் குண்டு மூட்டும் உண்டு, சிலுவை மூட்டும் உண்டு. கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

49 நாளில் பிறந்த வண்டி

ஜீப் பிறந்த கதையிலும் முதல் கவலை அச்சுதான்.

1940-ம் ஆண்டு. ஐரோப்பாவில் உலக யுத்தம் நடக்கிறது. அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. "சின்ன வண்டி வேண்டும். நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். 49 நாளில் மாதிரி வண்டி வர வேண்டும்" என்று கேட்டது. பெரும்பாலான கம்பெனிகள் வாயே திறக்கவில்லை. பான்டம் என்ற சின்னக் கம்பெனி மட்டும் துணிந்து முன்வந்தது. கடன் தொல்லையில் இருந்த கம்பெனி அது!

வண்டிக்குப் படம் வரைய அவர்கள் கூப்பிட்ட எஞ்சினீயர் கார்ல் பிராப்ஸ்ட். அவர் பான்டம் தொழிற்சாலைக்குப் போகும் வழியில் டோலிடோ நகரத்தில் இறங்கினார். அங்கே ஸ்பைசர் என்று ஒரு கம்பெனி. அச்சு செய்வதில் பெயர் பெற்றது. அச்சுக்கு ஏற்பாடு செய்த பிறகுதான் படம் வரையப் போனார். இரண்டே நாளில் வரைந்து முடித்தார்!

1940 செப்டம்பர் 23-ந் தேதி மாதிரி வண்டி ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. கெடு முடிய அரைமணி நேரம்தான் இருந்தது.

பிறகு வில்லிஸ், போர்டு கம்பெனிகளும் இதே மாதிரி வண்டி செய்தன. யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்கள் வெளிவந்தன. யுத்தத்துக்குப் பிறகு மிச்சம் இருந்தவை டிஸ்போசலில் ஏலம் போயின.

நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, பம்பாயில் ஜீப்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது மகேந்திரா கம்பெனி. அதன் முதல் பெயர் 'மகேந்திரா அண்டு முகமது'. பங்காளியான குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் நிதி மந்திரி ஆகிவிட்டார். அதனால் 1948-ம் ஆண்டு பெயர் மாறிற்று.

அந்தக் காலத்து ஜீப்கள் பலவற்றில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். பின்னால் வருகிறவர்கள் ஏமாந்து போகாமல் இருக்க, வண்டியின் பின்புறம் 'லெப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதி வைத்திருப்பார்கள். பி.டி.ஓ. ஆபீஸ் ஜீப், மலேரியா ஒழிப்பு ஜீப், தேர்தல் ஜீப் என்று கிராமத்துக்கு முதலில் வந்த மோட்டார் வண்டியே பல இடங்களில் ஜீப்தான்.

கழற்றும் முன்னே சோதனை

ஆட்டம் வந்ததும் ஸ்பானரைத் தூக்கிக் கொண்டு ஓடக் கூடாது. ஆட்டத்துக்குக் காரணங்கள் பல. டயரில் காற்றுக் குறைவாக இருக்கலாம். சக்கரங்களை இணைக்கும் 'டை ராடு' முனைகள் தேய்ந்திருக்கலாம். அந்த ராடுகளை நடுவிலிருந்து அசைக்கும் 'பெல் கிராங்க்' லொடலொடத்திருக்கலாம். இவற்றைப் பார்க்க அச்சைக் கழற்ற வேண்டியதே இல்லை.

இவை சரியாக இருந்தால் அடுத்த சோதனை. முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்குங்கள். டயரின் மேல் ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆடுகிறதா? ஆடினால் தேய்ந்தது எது?

இங்கே அம்மாவின் உதவி வேண்டும். வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்று விட்டதா? கோளாறு சக்கரத்து பேரிங்கில் இருக்கிறது. மிதித்த பிறகும் ஆடுகிறதா? அப்படியானால் 'கிங் பின்' பேரிங் போய்விட்டது. சக்கரம் இடம் வலம் திரும்புவது இந்த கிங் பின்னை வைத்துத்தான். கதவுக்குக் கீல் எப்படியோ, அப்படி.

முதல் கோளாறானால் அரை நாள் வேலை. இரண்டாவது என்றால் அச்சின் முனையையே பிரித்தாக வேண்டும்.

ஜாக்கியை நம்பாதீர்கள்!

இப்போது அம்மாவின் பயத்துக்கு வருவோம்.

ஜீப்பின் எடை ஏறக்குறைய ஒரு டன். ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு அல்ல! ஜாக்கி மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவது, தொங்கும் பாறைக்கு அடியில் படுப்பது மாதிரி. மண் தரையில் ஜாக்கி மெள்ள மெள்ளச் சாயும். சாய்வது கண்ணுக்குத் தெரியாது. விழுவதுதான் தெரியும்.

"கட்டை வைக்காமல் பிள்ளையை அடியில் அனுப்பக் கூடாது. ஆமாம், சொல்லிவிட்டேன்!" என்று அம்மா சொன்னால், அந்த வீட்டில் அதுதான் சட்டமாக இருக்க வேண்டும்.

தரை கெட்டியாக இருக்கட்டும். பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் போடுங்கள். கைப்பிரேக் போட்டிருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். பழைய ஜீப்பில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின் அச்சுக்குப் போகும் சுழல் தண்டைப் பிடிக்கிறது. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

வண்டியைத் தூக்கியதும் சட்டத்தின் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். ரெயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய மரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கினாலும் சரி. செங்கல் கூடாது. உள்ளே ஓட்டை உள்ள சிமெண்டுக் கல் கூடவே கூடாது. அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும்.

கட்டை வைத்த பிறகு வண்டியை நன்றாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதானால் இப்போதே விழட்டும். ஆள் அடியில் இல்லாதபோதே!

எதிர் மரை

சக்கரத்து நட்டுகள் ஐந்து. வலப்பக்கம் சுலபமாகக் கழன்று வந்துவிடும். இடப்பக்கம் எவ்வளவு திருகினாலும் வரவில்லையா? பலத்தைக் காட்டி முறித்து விடாதீர்கள். பல பழைய ஜீப்களில் இடப்பக்க நட்டுகளுக்கு எதிர் மரை. இறுக்குகிற திசையில் திருப்பினால்தான் கழலும். சைக்கிளின் இடப்பக்கப் பெடலும் இப்படித்தான். சைக்கிள் கடைப் பையனைக் கேளுங்கள், சிரித்துக் கொண்டே சொல்வான்.

சக்கரத்தை எடுத்ததும் நடுவில் ஒரு சின்ன மூடி. அதைத் தட்டி எடுத்தால் தண்டின் முனை தெரியும். அதில் ஒரு வளையம் மாட்டியிருக்கும். குறடால் விரித்துக் கழற்ற வேண்டும். அது அம்பு மாதிரி பறந்து கண்ணில் அடிக்கும். கண்ணாடி போட்டுக் கொண்டு செய்வது நல்லது.

அடுத்து ஆறு போல்ட்டுகள். பிறகு தண்டையும் சக்கரக் குடத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் வட்டத் துண்டு வெளியே வரும். உள்ளே பெரிய நட்டு இரண்டு. நடுவே பூட்டு வளையம். வளையத்தின் மடித்த காதை நிமிர்த்தி விட்டு நட்டைத் திருக வேண்டும். இதற்கென்று தனி ஸ்பானர் உண்டு. சிலர் உளியை வைத்துச் சுத்தியால் அடிப்பார்கள். அது நட்டுக்குச் செய்யும் துரோகம்.

இப்போது குடமும் பிரேக் டிரம்மும் ஒன்றாக வெளியே வரும். இரண்டு பேரிங்குகளும் அதோடு வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிரம்முக்குள் கருந்தூசி படிந்திருக்கும். அதை வாயால் ஊதக் கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருஷம் கழித்து நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் பக்கத்தில் வர வேண்டாம். பேரிங் கழுவ எடுத்த மண்ணெண்ணெயையும், பிரேக் எண்ணெயையும் கலர் சோடா பாட்டிலில் ஊற்றி வைக்கிற வழக்கம் இருக்கிறதே, அதையும் விட்டுவிடுங்கள். தாகத்தில் வருகிற பிள்ளைக்குப் பாட்டில்தான் தெரியும்.

அடுத்தது பிரேக் தகடு. அதைப் பிடித்திருப்பதும் ஆறு போல்ட்டுகள்தான். பிரேக் குழாய் நீளம் கொடுத்தால் குழாயைப் பிரிக்க வேண்டாம். தகட்டைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்க விடலாம். பாரம் கம்பியில் இருக்க வேண்டும். ரப்பர் குழாயில் இருக்கக் கூடாது.

பிறகு தண்டை இரண்டு கையாலும் ஏந்தி, நேராக இழுக்க வேண்டும். மூட்டு தொங்கிப் பிரிந்தால் குண்டுகள் உதிர்ந்து சாக்கடை வரை ஓடும். கீழே ஒரு சாக்கு விரித்து வைப்பது புத்திசாலித்தனம்.

காகிதத் தகட்டின் மகிமை

மிச்சம் இருப்பது அச்சின் முனையில் உள்ள இரும்பு உருண்டை. அதை மூடினாற்போல 'நக்கிள்' என்ற உறை. இரண்டுக்கும் நடுவே எண்ணெய் கசியாமல் ஒரு கம்பளிப் பட்டை. ஆற்றில் இறங்கி ஏறும் வண்டிகளில் இந்தப் பட்டை தேய்ந்து, மணலும் தண்ணீரும் உள்ளே போயிருக்கும். திறந்து பார்த்தால் கிரீஸ், கேப்பைக் கூழ் மாதிரி ஆகியிருக்கும்.

டை ராடைப் பிரித்து, உறையின் மேலும் கீழும் உள்ள மூடிகளைக் கழற்றினால் கிங் பின் பேரிங்குகள் வெளிப்படும். பேரிங் உட்காரும் கிண்ணத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். அம்மி கொத்தினாற்போல் வரி வரியாகப் பள்ளம் இருக்கிறதா? அதுதான் ஆட்டத்தின் காரணம். ஆண்டுக் கணக்கில் ஒரே இடத்தில் அடி வாங்கி, உருளைகள் பள்ளம் பறித்து விட்டன.

மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். 'ஷிம்' என்று பெயர். மிக மெல்லியது, ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் மூன்று பங்குதான் இருக்கும். காகிதம் மாதிரி. குப்பை என்று நினைத்து எறிந்து விடுவார்கள். எறிந்தால் தீர்ந்தது!

பேரிங் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை இந்தத் தகடுகள்தான் தீர்மானிக்கின்றன. ஒரு தகடு குறைந்தால் பேரிங் இறுகும். ஸ்டியரிங் திரும்ப மறுக்கும். ஒரு தகடு கூடினால் பேரிங் தளரும். பழைய ஆட்டம் மறுபடி வரும்.

ஆகவே நாலு மூடிக்கும் நாலு காகிதப் பொட்டலம். இடம்-மேல், இடம்-கீழ், வலம்-மேல், வலம்-கீழ் என்று பென்சிலால் எழுதி, எத்தனை தகடு என்று எண்ணிக் குறித்துக் கொள்ளுங்கள். திருத்தணி 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். தாத்தா "ஒக்கட்டி, ரெண்டு, மூடு" என்று எண்ணுவார். பேரன் தமிழில் எண்ணுவான். எந்தப் பாஷையில் எண்ணினாலும் கணக்கு ஒன்றாக வந்தால் சரி.

பூசணிக்காயைத் தொடாதீர்கள்

இவ்வளவும் கழற்றிய பிறகு மகனுக்குத் தைரியம் வந்துவிடும். "அப்பா! நடுவில் இருக்கிற பெட்டியையும் திறந்து பார்க்கலாமே!" என்பான்.

"வேண்டாம் தம்பி" என்பதுதான் சரியான பதில்.

உள்ளே உள்ள பெரிய பல் சக்கரமும் சின்னப் பல் சக்கரமும் ஜோடியாக வைத்துத் தேய்த்துப் பொருத்தியவை. ஜோடி மாற்றக் கூடாது. பேரிங் மூடிகளில் அடையாளம் குத்தியிருக்கும். இடதை வலதாக மாற்றினால் கெட்டது. பல்லும் பல்லும் உரசும் இடைவெளியை அளக்கத் தனிக் கருவி வேண்டும். தவறாகப் பூட்டினால் வண்டி ஓநாய் மாதிரி ஊளையிடும். சில நாளில் பல் கொட்டிவிடும். எண்ணெயில் இரும்புத் தூள் வந்தால், அல்லது ஏற்கெனவே ஊளைச் சத்தம் இருந்தால், கைதேர்ந்த மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

சாமானுக்கு எங்கே போவது?

சென்னைக்குத்தான். புதிய பேரிங்கும் ஆயில் சீலும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். பழைய சாமான் வேண்டும் என்றால் புதுப்பேட்டை. பழைய பேரிங்கைக் கையோடு எடுத்துக் கொண்டு போங்கள். அதன் மேல் வெட்டியிருக்கும் எண்தான் அதன் ஜாதகம். வாயால் வர்ணித்தால் கடைக்காரர் வேறு ஒன்றைக் கொடுத்து விடுவார். பேரிங் வாங்கினால் கிண்ணத்தோடு வாங்குங்கள். பழைய கிண்ணத்தில் புதிய பேரிங் போடுவது, ஓட்டைப் பானையில் புதுத் தண்ணீர் பிடிக்கிற வேலை.

திரும்பப் பூட்டுதல்

கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். மணல் ஒட்டாத சுத்தமான இடத்தில் பேரிங்குக்குக் கிரீஸ் அழுத்துங்கள். உள்ளங்கையில் கிரீசை வைத்து, பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி எடுத்தால் உருளைகளுக்கு நடுவே ஏறும். மேலே பூசினால் மட்டும் போதாது.

கிங் பின்னைப் பூட்டியதும், கம்பளிப் பட்டை மாட்டுவதற்கு முன்பே உறையைக் கையால் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் பிடித்துப் பிடித்துத் திரும்ப வேண்டும். தொட்டதும் சுழன்றால் ஒரு தகடு எடுங்கள். திரும்பவே மாட்டேன் என்றால் ஒரு தகடு சேருங்கள்.

சக்கரத்துப் பெரிய நட்டை, சக்கரம் இறுகும் வரை முடுக்கி, பிறகு ஒரு சுற்றில் ஆறில் ஒரு பங்கு தளர்த்துங்கள். சக்கரம் தாராளமாகச் சுழல வேண்டும், ஆடக் கூடாது. பூட்டு வளையத்தை வைத்து, வெளி நட்டை இறுக்கி, காதை மடியுங்கள். டை ராடு நட்டுகளுக்குப் பழைய ஊசியை மாட்டாதீர்கள். புது ஊசியின் விலை அற்பம். அது விழுந்தால் ஸ்டியரிங்கே கையோடு வந்த மாதிரிதான்.

கட்டையை எடுத்து வண்டியை இறக்கியதும் சாவியைத் திருப்ப வேண்டாம். முதலில் பிரேக்கை நாலைந்து தரம் மிதியுங்கள். மிதி கெட்டியாக நிற்கிறதா? ஸ்டியரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்புங்கள். பிரேக் குழாய் எங்காவது இழுபடுகிறதா, டயரில் உரசுகிறதா என்று மகன் குனிந்து பார்க்கட்டும்.

முதல் நாளே மலை ஏற வேண்டாம். அரக்கோணம் ரோட்டில் இரண்டு மைல் மெள்ளப் போய்த் திரும்புங்கள். வீட்டு வாசலில் நிறுத்தி, இரண்டு முன் சக்கரத்துக் குடங்களிலும் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. கை வைக்க முடியாமல் சுடுகிறதா? நட்டு இறுகி விட்டது.

மறுபடியும் ஜாக்கியை எடுங்கள். கூடவே கட்டையையும்.